பட்டியலில் நம் வரி

விரலில் வைக்கும் மை

மைசூரில் பன்னிமண்டபம் என்று ஒரு பகுதி இருக்கிறது. தசரா ஊர்வலம் போய்ச் சேருகிற இடம் அது. அந்தப் பகுதியில் கர்நாடக அரசின் ஒரு தொழிற்சாலை உள்ளது. அதன் பெயர் மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ். மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1937-இல் அது தொடங்கப்பட்டது.

ஓட்டுப் போடும்போது நம் இடது கை ஆள்காட்டி விரலில் மை வைக்கிறார்கள் அல்லவா? அந்த மை இங்கேதான் தயாராகிறது. 1962-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் முதன்முதலாக இந்த மையைப் பயன்படுத்தினார்கள். மையில் சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளி உப்பு இருக்கிறது. தோலில் பட்டு, வெளிச்சம் பட்டதும் அது கறுத்துவிடும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

ஒருவரே இரண்டு முறை ஓட்டுப் போடாமல் இந்த மை தடுக்கிறது. ஆனால் ஒரு முறையாவது மை நம் விரலில் பட வேண்டுமே! அதற்கு நம் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும்.

இன்று பட்டியல்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. ரேஷன் பட்டியல், பென்ஷன் பட்டியல், பள்ளிக்கூடப் பட்டியல் எல்லாமே அப்படித்தான். "கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது" என்றால் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். கம்ப்யூட்டர் எப்படிச் சொல்கிறது? அதைத் தெரிந்துகொண்டால் நாமும் கேள்வி கேட்கலாம். வாருங்கள், பார்ப்போம்.

நோட்டும் கம்ப்யூட்டரும்

மைசூரில் தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஒரு தெருவை நினைத்துக்கொள்வோம். அங்கே ஒரு படிப்பு வட்டம் நடக்கிறது. மாலையில் பெண்கள் கூடுவார்கள். செய்தித்தாள் படிப்பார்கள். செய்தித்தாளுக்கு ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுவார்கள். வட்டத்தை நடத்துவது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். அவளை எல்லோரும் "டீச்சரம்மா" என்றே கூப்பிடுகிறார்கள்.

வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர்களைக் கணக்கெடுக்க வட்டம் முடிவு செய்கிறது. டீச்சரம்மா முதலில் ஒரு நோட்டில் எழுதுகிறாள். பக்கத்தில் கட்டம் போடுகிறாள். ஒரு கட்டம் பெயருக்கு. ஒரு கட்டம் பிறந்த தேதிக்கு. ஒரு கட்டம் செய்தித்தாள் பணத்துக்கு. ஓர் ஆளுக்கு ஒரு வரி. மொத்தம் ஆறு வரி.

பிறகு அதையே கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். இப்படிக் கட்டம் கட்டமாக வைத்த பட்டியல்களின் தொகுப்புக்கு டேட்டாபேஸ் என்று பெயர். தமிழில் தரவுத்தளம் என்பார்கள். இதற்கென்றே மென்பொருள்கள் உண்டு. 1990-களில் நம் நாட்டு அலுவலகங்களில் டிபேஸ், ஃபாக்ஸ்புரோ என்ற இரண்டும் பெயர் பெற்றவை. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆக்சஸ் 1992-இல் வந்தது. லிப்ரே ஆபீஸ் பேஸ் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மேசைக் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் போதும்.

தயாராக இருக்கும் கருவிகள்

நோட்டில் கணக்கை நாம்தான் போட வேண்டும். டேட்டாபேஸில் கணக்குப் போடும் கருவிகள் உள்ளேயே தயாராக இருக்கின்றன. அவற்றுக்கு ஃபங்ஷன் என்று பெயர்.

டீச்சரம்மா இந்தச் சொல்லைச் சொன்னதும் ஒரு பாட்டி கேட்டார்.

"ஃபங்ஷனா? யார் வீட்டிலம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"இது வேற ஃபங்ஷன் பாட்டி. உங்க வீட்டில் ஆழாக்கு இருக்குல்ல? அது மாதிரி. அரிசி போட்டா அளந்து கொடுக்கும். ஆழாக்கை நீங்க செய்யலை. யாரோ செஞ்சு வெச்சாங்க. நீங்க எடுத்து அளக்கறீங்க."

பாட்டி விடவில்லை. "ஆழாக்குன்னா தலை தட்டி அளக்கிறதா, குவிச்சு அளக்கிறதான்னு தெரியணுமே கண்ணு. ரெண்டுக்கும் வித்தியாசம் உண்டே?"

பாட்டி கேட்டதுதான் சரியான கேள்வி. கருவி தயாராக இருக்கிறது. அது எப்படி அளக்கிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணு, கூட்டு, சராசரி

முதலில் எளிய கருவிகளைப் பார்ப்போம்.

கவுண்ட் என்ற கருவி எண்ணும். சம் என்ற கருவி கூட்டும். ஆவரேஜ் சராசரி சொல்லும். ஆக்சஸில் அதை ஏவிஜி என்று சுருக்கி எழுதுவார்கள். மேக்ஸ் மிகப் பெரியதைக் காட்டும். மின் மிகச் சிறியதைக் காட்டும்.

அந்த மாதம் செய்தித்தாளுக்கு வந்த பணம் இது: 20, 30, 20, 10, 20. ஐந்து பேர் கொடுத்தார்கள். ஆறாவது பெண்ணின் கட்டம் காலி.

கூட்டச் சொன்னால் 100 என்று வரும். பெயர்களை எண்ணச் சொன்னால் 6. பணக் கட்டத்தை எண்ணச் சொன்னால் 5. காலிக் கட்டத்தை அந்தக் கருவி எண்ணாது.

சராசரி எவ்வளவு? கருவி 20 ரூபாய் என்று சொல்லும். 100-ஐ 5-ஆல் வகுத்திருக்கிறது. காலிக் கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதியிருந்தால்? அப்போது 100-ஐ 6-ஆல் வகுக்கும். சராசரி 16 ரூபாய் 67 காசு ஆகிவிடும்.

எது சரி? அது நாம் சொல்ல வேண்டியது. அந்தப் பெண்ணிடம் பணமே கேட்கவில்லை என்றால் கட்டம் காலியாக இருக்கட்டும். கேட்டு, அவரால் தர முடியவில்லை என்றால் பூஜ்யம் எழுத வேண்டும். காலி என்றால் "தெரியாது". பூஜ்யம் என்றால் "இல்லை". இரண்டும் வேறு வேறு. இந்த வித்தியாசம் கம்ப்யூட்டருக்குத் தெரியும். எதை எங்கே எழுதுவது என்பது நம் கையில் இருக்கிறது.

வயது எத்தனை?

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம்.

நம் நாட்டில் முன்பு 21 வயது ஆனவர்களுக்குத்தான் ஓட்டு. 1989-இல் அரசியல் சட்டத்தின் 61-ஆவது திருத்தம் வந்தது. அதன் பிறகு 18 வயது ஆனால் ஓட்டு உண்டு.

ஆனால் எந்த நாளில் 18 ஆகியிருக்க வேண்டும்? அதற்கு ஒரு தகுதி நாள் உண்டு. முன்பு ஆண்டுக்கு ஒரே நாள்தான். அது ஜனவரி 1. ஜனவரி 2-ஆம் தேதி 18 ஆனவர் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். 2022-இல் இது மாறியது. இப்போது நான்கு தகுதி நாட்கள்: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1.

நம் தெருப் பட்டியலில் மூன்று இளம் பெண்கள் இருக்கிறார்கள்.

மாடி வீட்டுப் பெண். பிறந்த தேதி 15-9-2007.

பாட்டியின் பேத்தி. பிறந்த தேதி 12-11-2007.

பூக்கட்டும் அம்மாவின் மகள். பிறந்த தேதி 1-10-2007.

டீச்சரம்மா கணக்குப் பார்க்கும் நாள் 2025 ஆகஸ்ட் 20 என்று வைத்துக்கொள்வோம். வரப்போகும் தகுதி நாள் 2025 அக்டோபர் 1.

ஆக்சஸ் மென்பொருளில் டேட்-டிஃப் என்று ஒரு கருவி உண்டு. இரண்டு தேதிகளுக்கு நடுவில் எத்தனை நாள், எத்தனை மாதம், எத்தனை ஆண்டு என்று அது சொல்லும். டீச்சரம்மா ஆண்டுக் கணக்கைக் கேட்கிறாள். மூன்று பேருக்கும் 18 என்று பதில் வருகிறது.

"மூணு பேரும் விண்ணப்பம் போடலாம்" என்கிறாள் டீச்சரம்மா.

பாட்டி கேட்ட கேள்வி

பாட்டிக்குச் சந்தேகம்.

"என் பேத்தி தீபாவளி கழிஞ்சு பிறந்தவளாச்சே! இன்னும் தீபாவளியே வரலை. அவளுக்கு எப்படிப் பதினெட்டு முடியும்?"

டீச்சரம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பாட்டி சொன்னது சரி. அக்டோபர் 1 அன்று பேத்திக்கு 17 வயதுதான். நவம்பர் 12 அன்றுதான் 18 முடியும்.

கருவி ஏன் 18 என்றது? அது ஆண்டு எண்ணை மட்டும் பார்க்கிறது. 2025-இலிருந்து 2007-ஐக் கழிக்கிறது. பிறந்த நாள் வந்ததா, இல்லையா என்று பார்ப்பதில்லை. டிசம்பர் 31-ஆம் தேதி பிறந்த குழந்தைக்கு மறுநாள் ஜனவரி 1-ஆம் தேதியே "ஓர் ஆண்டு" என்று அது சொல்லும். எத்தனை முறை புத்தாண்டு வந்தது என்றுதான் அது எண்ணுகிறது.

கருவி கெட்டுப்போகவில்லை. அது குவித்து அளக்கும் ஆழாக்கு. நமக்கு வேண்டியது தலை தட்டி அளக்கும் கணக்கு.

சரி செய்வது எப்படி? ஆண்டைக் கழித்த பிறகு ஒரு கேள்வி சேர்க்க வேண்டும். "அந்த ஆண்டின் பிறந்த நாள் வந்துவிட்டதா?" வந்துவிட்டால் அப்படியே விடு. வரவில்லை என்றால் ஒன்று குறை. இப்படி "இருந்தால் இது, இல்லாவிட்டால் அது" என்று சொல்வதற்கும் ஒரு கருவி உண்டு. ஆக்சஸில் அதன் பெயர் ஐ-இஃப். டீச்சரம்மா இரண்டு கருவிகளையும் சேர்த்து எழுதினாள்.

இன்றைக்கா, அன்றைக்கா?

இப்போது மூன்று பேருக்கும் 17 என்று வந்தது! யாருமே விண்ணப்பம் போட முடியாது போல் இருந்தது.

இந்த முறை பூக்கட்டும் அம்மாவுக்கு வருத்தம். மைசூர் மல்லிகைச் சரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அக்டோபர் ஒண்ணாந்தேதி என் பொண்ணுக்குப் பதினெட்டு முடியுது டீச்சரம்மா. அன்னிக்குத்தானே தகுதி நாள்னு சொன்னீங்க? அப்புறம் ஏன் இல்லைங்குது?"

டேட் என்று ஒரு கருவி உண்டு. அது இன்றைய தேதியைக் கொடுக்கும். டீச்சரம்மா வயதுக் கணக்கில் அதை வைத்திருந்தாள். அதனால் கம்ப்யூட்டர் ஆகஸ்ட் 20 அன்று உள்ள வயதைச் சொன்னது. அது தவறான பதில் இல்லை. ஆகஸ்ட் 20 அன்று மூவருக்கும் 17 வயதுதான். கேட்ட கேள்விதான் தவறு. கேட்க வேண்டியது தகுதி நாளின் வயது.

இன்றைய தேதியை எடுத்துவிட்டு 2025 அக்டோபர் 1 என்று எழுதினாள். இப்போது சரியான பதில் வந்தது. மாடி வீட்டுப் பெண்ணுக்கு 18. பூக்கட்டும் அம்மாவின் மகளுக்கும் 18. பாட்டியின் பேத்திக்கு 17.

பேத்தியின் தகுதி நாள் 2026 ஜனவரி 1. அதற்காக அவள் சும்மா இருக்க வேண்டியதில்லை. 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம் என்று தேர்தல் ஆணையம் 2022-இல் அறிவித்தது. ஆனால் படிவத்தில் சரியான பிறந்த தேதியைத்தான் எழுத வேண்டும். பொய்த் தகவல் தருவது குற்றம். "கம்ப்யூட்டர் 18 என்று சொன்னது" என்று யாரும் தப்பிக்க முடியாது.

பாருங்கள். ஒரே பட்டியல். அதே மூன்று பெண்கள். ஒரு முறை மூன்று பேர் என்றது. ஒரு முறை யாரும் இல்லை என்றது. கடைசியில் இரண்டு பேர் என்றது. மூன்று முறையும் கம்ப்யூட்டர் பிழையில்லாமல்தான் கணக்குப் போட்டது.

நாள் முதலா, மாதம் முதலா?

நாம் தேதி எழுதும்போது நாளை முதலில் எழுதுவோம். பிறகு மாதம். அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள். கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் அமைந்திருந்தால் என்ன ஆகும்?

பூக்கட்டும் அம்மாவின் மகள் பிறந்தது 1-10-2007. நமக்கு அது அக்டோபர் 1. கம்ப்யூட்டருக்கு அது ஜனவரி 10. வயது எப்படியோ 18 என்றே வரும். ஆனால் பட்டியலில் உள்ள தேதியும் பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியும் ஒத்துப் போகாது. அதைப் பார்த்து விண்ணப்பம் எழுதினால் பிறகு அலைச்சல்தான்.

மாடி வீட்டுப் பெண் பிறந்தது 15-9-2007. பதினைந்தாவது மாதம் என்று ஒன்று கிடையாது. அதனால் ஆக்சஸ் அதைச் செப்டம்பர் 15 என்று தானாகவே எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் செய்யாது. ஆகவே சில வரிகள் சரியாக இருக்கும். சில வரிகள் தலைகீழாக இருக்கும். இப்படிக் கலந்து கிடக்கும் தவறைக் கண்டுபிடிப்பது கடினம்.

இதற்கு எளிய வழி உண்டு. மாதத்தைப் பெயரால் எழுதுங்கள். "1 அக்டோபர் 2007" என்று எழுதினால் குழப்பம் வராது. ஆண்டையும் நான்கு இலக்கமாக எழுதுங்கள். "07" என்று மட்டும் எழுதினால் அது 1907-ஆ, 2007-ஆ என்று இயந்திரம் ஊகிக்கும். ஊகம் எப்போதும் சரியாக இருக்காது.

பெயரில் வரும் சிக்கல்

எழுத்துகளைக் கையாளவும் கருவிகள் உண்டு. ட்ரிம் என்ற கருவி பெயருக்கு முன்னும் பின்னும் உள்ள வெற்று இடத்தை வெட்டிவிடும். லெஃப்ட் என்ற கருவி முதல் எழுத்தை எடுத்துத் தரும். லென் என்ற கருவி எத்தனை எழுத்து என்று எண்ணும்.

"செல்வி" என்று எழுதிப் பாருங்கள். செ, ல், வி. மூன்று எழுத்து. ஆனால் லென் கருவி 6 என்று சொல்லும்! கம்ப்யூட்டர் "செ" என்பதை ஓர் எழுத்தாக வைப்பதில்லை. "ச" ஒன்று, கொம்பு ஒன்று என்று இரண்டாக வைக்கிறது. புள்ளியும் அதற்குத் தனி. வளைவும் தனி. முதல் எழுத்தைக் கேட்டால் "செ" வராது. "ச" மட்டும் வரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. "லட்சுமி" என்று ஓர் இடத்தில் எழுதுகிறோம். "லக்ஷ்மி" என்று இன்னோர் இடத்தில் எழுதுகிறோம். நமக்கு ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். மைசூரில் வாழும் தமிழருக்கு இது தினசரிப் பாடு. வீட்டில் பெயர் தமிழில். பள்ளிச் சான்றிதழில் ஆங்கிலத்தில். அரசுப் பட்டியலில் கன்னடத்தில். தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை ஒரு காகிதத்தில் முன்னால் போடுகிறோம். இன்னொன்றில் பின்னால் போடுகிறோம். எந்தக் கருவியும் இதைச் சரி செய்யாது. எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி எழுதுவதுதான் வழி.

சோதித்துப் பார்ப்போம்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பட்டியலுக்கு அது போதாது. பானையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சோற்றையும் பார்க்க வேண்டும்.

வயதுக் கணக்கில் ஓரம் எது? தகுதி நாளிலேயே பிறந்தவர். அதற்கு முதல் நாள் பிறந்தவர். மறுநாள் பிறந்தவர். டிசம்பர் 31 அன்று பிறந்தவர். இவர்களுக்குச் சரியாக வந்தால் மற்றவர்களுக்கும் பெரும்பாலும் சரியாக வரும். பதில் நமக்கு முன்பே தெரிந்த ஆட்களை வைத்துச் சோதிக்க வேண்டும். பாட்டி தன் பேத்தியை வைத்துச் சோதித்தது அப்படித்தான்.

நம் வரியை நாமே படிப்போம்

அன்று பாட்டி எப்படித் தவறைக் கண்டார்? அவருக்கு ஆக்சஸ் தெரியாது. பேத்தி பிறந்த நாள் தெரியும். திரையில் அவள் பெயருக்கு நேரே இருந்த 18 என்ற எண்ணைப் படிக்கத் தெரியும். அவ்வளவு போதுமாக இருந்தது.

வாக்காளர் பட்டியலிலும் நம் வரியை நாம் படிக்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கேட்டுப் பார்க்கலாம். புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. பெயர், தேதி, முகவரி இவற்றைத் திருத்தப் படிவம் 8. கல்யாணமாகி வேறு ஊருக்கு வந்த பெண்கள் தங்கள் பெயரைப் புது முகவரிக்கு மாற்றவும் படிவம் 8-தான். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணில் தொலைபேசியில் கேட்கலாம்.

கம்ப்யூட்டர் வேகமாக எண்ணும். களைக்காமல் கூட்டும். ஆனால் எதை எண்ண வேண்டும், எந்த நாளுக்குக் கணக்குப் போட வேண்டும் என்று ஒரு மனிதர்தான் அதற்குச் சொல்லியிருக்கிறார். சொன்னவர் மறந்திருக்கலாம். அதைப் படித்துப் பார்த்துக் கேட்பது நம் உரிமை.

மைசூரில் காய்ச்சிய அந்த மை, பூக்கட்டும் அம்மாவின் மகள் விரலிலும் ஒரு நாள் படும். பாட்டியின் பேத்தி விரலிலும் படும். அதற்கு முன்னால் அவர்கள் வரி பட்டியலில் சரியாக இருக்க வேண்டும்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ரேஷன் அட்டை, ஆதார் அட்டை, வாக்காளர் அட்டை மூன்றையும் பக்கத்தில் வையுங்கள். பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கின்றனவா?

2. 31-12-2007 அன்று பிறந்தவருக்கு 1-1-2026 அன்று வயது என்ன? 30-12-2025 அன்று என்ன? ஆண்டை மட்டும் கழித்தால் இரண்டு நாளுக்கும் என்ன விடை வரும்?

3. உங்கள் குழுவின் கணக்கு நோட்டில் காலிக் கட்டங்கள் உள்ளனவா? அவற்றுக்குப் பொருள் "தெரியாது" என்பதா, "இல்லை" என்பதா? கூடிப் பேசி முடிவு செய்யுங்கள்.